அலமாரிக் கீல்

மூன்றாவது முறையும் படம் சரிந்தது. இந்த முறை மேஜை விளிம்புவரை வழுக்கி வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றது.

"பிடிங்கப்பா! யாராவது பிடிங்கப்பா!" என்று மூத்தார் கத்தினார்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் துக்கத்துக்கு ஏற்றபடி கைகட்டி நின்றதால், பிடிக்க ஒரு கைகூடக் காலியாக இல்லை. கடைசியில் அவரே பாய்ந்து பிடித்தார்.

அவள் இறந்துபோன கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் பின்னால் போட்டிருந்த கட்டு தெரியாமலிருக்கத் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னது கணவனின் அண்ணனான மூத்தார். தலைமாட்டில் மேஜை போட்டதும், மேஜைமேல் படம் வைத்ததும் அவர்தான். படத்தில் கணவனின் தோள்மேல் நான்கு விரல்கள் இருந்தன. ஒன்றில் மோதிரம். பட்டறைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் எடுத்த படம் அது. நடுவில் மூத்தார், ஓரத்தில் தம்பி. ஓரத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியபோது விரல்கள் கூடவே வந்துவிட்டன. அழித்துத் தருகிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம். "இருக்கட்டும், அண்ணன் தம்பி பாசம் தெரியட்டும்" என்றாராம் இவர்.

தெருவில் அவருக்கு எம்.டி. என்று பெயர். இரண்டு லேத், ஒரு துளை போடும் மிஷின், ஒரு கிரைண்டர் இருந்த தகரக் கொட்டகைக்கு அவர் மேனேஜிங் டைரக்டர். கொட்டகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, 'யூனிட்'. டீ ஊற்றிவைக்கும் மூலைக்கு 'கேண்டீன்'. கால் கழுவும் குழாயடிக்கு மட்டும் இன்னும் பெயர் சூட்டவில்லை. கட்டிய மனைவியே "எம்.டி. சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பாள். தம்பி வீட்டில் அண்ணா என்பான். வாடிக்கையாளர் யாராவது நின்றால் சார் என்பான். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"பின்னாடி முட்டுக் குடுக்க ஏதாவது கொண்டாங்கப்பா. யூனிட்டுல இருந்து நாற்காலி ஏத்திட்டு வந்த வண்டியில ஏதாவது கிடக்கும், பாருங்க."

ஒருவர் போய் ஒரு தகட்டைத் தூக்கி வந்தார். கண்ணாடிபோல இருந்தது, ஆனால் கெட்டி பிளாஸ்டிக். மேல்பக்கம் வளைத்து, கீழ் விளிம்பில் சாம்பல் நிற ரப்பர் ஒட்டியிருந்தது. அதை நிறுத்திப் படத்தைச் சாய்த்ததும் படம் அசையாமல் நின்றது.

"அடடே, இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே" என்றார் தூக்கி வந்தவர்.

அவள் எழுந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் தயாராக வந்து இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. குனிந்து, தகட்டின் மேல் விளிம்பில் இருந்த இரண்டு கீல்களைப் பார்த்தாள். ஒன்றின் ஓரத்தில் இளமஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அவளுடைய சமையலறை அலமாரியின் பெயிண்ட்.

இது இங்கே எப்படி வந்தது?

லேத்தில் இரும்பைச் சுழலவிட்டுச் சீவும்போது சூடு ஏறாமலிருக்க, எண்ணெய் கலந்த தண்ணீரை அதன்மேல் ஓடவிடுவார்கள். கூலண்ட் என்பார்கள். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். நாற்றம் திரிந்த பால் மாதிரி. சுழலும் இரும்பு அதை வாரி, எதிரில் நிற்பவன்மேல் இறைக்கும். எதிரில் நின்றது எப்போதும் அவள் கணவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டைகளுக்கு முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம். முழங்கைக்குக் கீழே தோல் வெடித்து, தூக்கத்தில்கூடச் சொறிந்துகொண்டே இருப்பான்.

ஒருமுறை அவளே எம்.டி.யிடம் கேட்டாள். "மிஷினுக்கு முன்னாடி ஒரு தடுப்பு போட்டுக் குடுங்க மாமா. மேலெல்லாம் தெறிக்குது."

"ஏம்மா, கஸ்டமர் உள்ள வந்தா மிஷின் ஓடறது பளிச்சுனு தெரியணும். மறைச்சு வெச்சா, உள்ள என்னத்த ஓட்டறானுங்கன்னு சந்தேகம் வரும். ப்ரசென்டேஷன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். பிறகு மனம் இளகி, தம்பிக்கு ஒரு ஏப்ரன் வாங்கினார். அதில் யூனிட்டின் பெயரை அச்சடித்தார். அச்சு நன்றாக வந்திருந்ததால், அழுக்காகிவிடுமே என்று ஆபீஸ் கண்ணாடி பீரோவில் தொங்கவிட்டார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அப்புறம்தான் கொட்டகை வாசலில் விளக்கு எரிகிற புதுப் பலகை வந்தது. பழைய பலகையைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்கள். அதில் அவர் பெயரும் பதவியும் எழுதியிருந்த பிளாஸ்டிக் தகட்டை அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது எதுக்கு? உங்க அண்ணன வீட்டுலயும் மாட்டி வெச்சுக் கும்பிடணுமா?"

"கும்பிட இல்லடி. அவரை முன்னாடி நிறுத்தி, நான் பின்னாடி நிக்கப்போறேன். ஒரு தடவையாவது தெறிக்கறது அவர் மேல தெறிக்கட்டும்."

எழுத்துகளைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட நிறம் போனது, தடம் போகவில்லை. அளவுக்கு வெட்டிய பிறகு 'நிர்வாக இய' வரை மிஞ்சியது. முதலில் ரம்பத்தால் அறுத்தான். ஒரு மூலை பிளந்துகொண்டது. அப்புறம் உடைந்த பிளேடால் கோடு கோடாகக் கீறி, சாப்பாட்டு மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி, பிஸ்கட்டை ஒடிப்பதுபோல் ஒடித்தான். வளைப்பதுதான் பெரும்பாடு. அடுப்புக்கு மேலே இந்த முனையை அவன் பிடிக்க, அந்த முனையை அவள் ஈரத்துணி சுற்றிப் பிடித்தாள். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியதில் ஓர் இடத்தில் கொப்புளம் கிளம்பியது. வீடெல்லாம் நாற்றம். மகன் மொட்டைமாடிக்கு ஓடிவிட்டான்.

சீவுகிற இரும்பை மிஷினில் மாட்டிக் கழற்ற, தடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். அதற்குக் கீல் வேண்டும். அவன் பார்வை சமையலறையைச் சுற்றி வந்து அலமாரியில் நின்றது.

"தொடாதீங்க."

"ரெண்டே ரெண்டுடி. அடுத்த வாரம் புதுசு வாங்கிப் போட்டுடறேன்."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அலமாரிக் கதவு இரண்டு வருடமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பருப்பு டப்பாக்கள் எல்லாம் வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கீழ் விளிம்புக்குப் பழைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை உரித்து ஒட்டினான், சொட்டுவது வெளியே போகாமல் மிஷினுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தட்டிலேயே விழும்படி.

எல்லாம் முடிந்ததும் குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தடுப்பை முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "இப்ப ஊத்து பாக்கலாம்."

அவள் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

"பூச்செடிக்கா ஊத்தற? வீசி அடிடி!"

அவள் வீசினாள். இன்னொன்று வீசினாள். நாலாவது, ஐந்தாவது குவளைக்கு அவளுக்கே வேகம் வந்துவிட்டது.

"அடியேய், போதும்! கல்யாணம் ஆனதுல இருந்து சேத்து வெச்சதையெல்லாம் ஊத்தறியா?" என்று தகட்டுக்குப் பின்னாலிருந்து சிரித்தான். தண்ணீர் வழிந்த பிளாஸ்டிக்கில் அவன் முகம் கோணிக் கோணித் தெரிந்தது. எழுந்தபோது மடி மட்டும் நனைந்திருந்தது. ரப்பரை இன்னும் கொஞ்சம் இறக்கி ஒட்டினான்.

அதற்குப் பிறகு அவன் சட்டை காய்ந்தே வந்தது. முன்னும் பின்னும் ஒரே நிறம். கையில் தோல் ஆறியது. தினமும் சட்டையை வாங்கி முன்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நேற்று அவனுடைய உடுப்புகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கையை விட்டுத் தடவினாள். முன்பக்கம் முழுக்க ஈரம். திரிந்த பால் நாற்றம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பையை முடிச்சுப் போட்டுக் குளியலறையில் வைத்துவிட்டாள். இப்போது, படத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் தடுப்பைப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன. தடுப்பு மிஷினில் இருந்திருந்தால் சட்டை நனைந்திருக்காது.

மாடிப்படிக்குக் கீழே, இரண்டாவது லேத்தில் வேலை செய்யும் டர்னர் நின்றிருந்தார். அவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். வாயை மூடாமல் பேசுகிற ஆள். எண்ணெய் போடும்போதுகூட மிஷினிடம் பேசிக்கொண்டிருப்பார். காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியதை யாரும் கேட்கவில்லை.

அவள் அவரிடம் போனாள். "அண்ணே."

"காபி குடிச்சியா தங்கச்சி?"

"அந்தத் தடுப்ப எப்ப கழட்டினாங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். "முந்தாநாள் சாயங்காலம்."

"யாரு கழட்டினது?"

"உன் வீட்டுக்காரன்தான். அவனே கழட்டினான்." துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். "கழட்டச் சொன்னாங்க, கழட்டினான்."

"யாரு சொன்னாங்க?"

ரேடியோ திரும்பினார். தலைமாட்டுப் படத்தை, அதில் தோள்மேல் இருந்த நான்கு விரல்களைப் பார்த்தார்.

"என்ன ரேடியோ, அங்க என்ன ப்ரோக்ராம் ஓடுது?" என்று எம்.டி.யின் குரல் கேட்டது. ரேடியோ சட்டென்று வெளியே போய்விட்டார்.

மிச்சத்தைச் சொல்ல ரேடியோ தேவைப்படவில்லை. எம்.டி.யே வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சங்கத்துல சிறந்த யூனிட்டுக்கு விருது குடுக்கறாங்க. சுத்தம், பாதுகாப்பு, ரெண்டும் பார்ப்பாங்க. நேத்து கமிட்டி வர்ற நாள். தரை முழுக்கப் புதுசா பச்சைப் பெயிண்ட், கண்ணாடி மாதிரி. மிஷின்ல ஒட்டுப் போட்டு வெச்சிருந்த குப்பையெல்லாம் கழட்டச் சொல்லி, கல்யாணப் பொண்ணு மாதிரி நிறுத்தியிருந்தேன். கமிட்டி நுழையறப்ப மிஷின் ஓடிட்டு இருக்கணும், தண்ணி நல்லா ஊத்தட்டும், அப்பத்தான் எடுப்பா இருக்கும்னு தம்பிகிட்ட சொன்னேன். காலையிலேயே போட்டுட்டான். கடமைன்னா கடமை. அப்படியே நெஞ்சைப் பிடிச்சுட்டு சாஞ்சுட்டான்."

"நெஞ்சைப் பிடிச்சப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார் ஒரு தூரத்து உறவுக்காரர். உள்நோக்கம் ஒன்றும் இல்லை, சும்மா கேட்டார்.

"நான் ஆபீஸ்ல இருந்தேன். அதனால என்ன? என் தம்பிக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். அவளுக்கு லேத் ஓட்டத் தெரியாது. ஆனால் வழவழப்பான தரையில் சோப்புத் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்பது துணி துவைக்கும் யாருக்கும் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனுக்குப் பின்மண்டையில் ஏன் கட்டு என்பதும் இப்போது தெரிந்தது.

ஓரகத்தி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "ஒரு விதத்துல குடுத்து வெச்சவர். நெஞ்சு வலின்னா ஒண்ணுமே தெரியாதாம். எம்.டி. சொன்னார்."

"எம்.டி.க்கு நெஞ்சு வலி வந்திருக்காக்கா?" என்று அவள் கேட்டாள்.

ஓரகத்தி கையை எடுத்துக்கொண்டாள்.

எடுக்கிற நேரம் நெருங்கியபோது, எம்.டி. அவள் மகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். மோதிரம் போட்ட நான்கு விரல்களும் படத்தில் இருந்ததுபோலவே படிந்திருந்தன. மகன் செல்போன் கடையில் விற்பனையாளன்; நான்கு வருடமாக அவன் சட்டையில் 'டிரெய்னி' என்ற வில்லைதான்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். தம்பி இடம் ஒரு நாள்கூடக் காலியா இருக்காது. இவன் நிப்பான். வேலைக்காரனா இல்ல. டெக்னிக்கல் டைரக்டரா."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். துக்க வீடு என்பதை மறந்து ஒருவர் கைதட்டப் போய், பாதியில் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அவள் வாயைத் திறந்தாள். "மாமா, அந்தத் தடுப்பு..."

எம்.டி.யின் கண் ஒரு கணம் அவள் முகத்தில் நின்றது. அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ கேப்பன்னு தெரியும்மா. அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தம்பி நினைவா, அவன் நின்ன மிஷினுக்கு ஒரு தடுப்பு. முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பாதுகாப்புதான் என் தம்பிக்கு மூச்சு!"

சுற்றி நின்றவர்களின் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தின் நடுவே அவள் என்ன சொன்னாலும் பைத்தியம் மாதிரிதான் இருக்கும். அவன் மூச்சு இல்லாமல் படுத்திருந்தான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, தடுப்பைச் சமையலறையில் கதவில்லாத அலமாரியின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மறுநாள் மகன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வரலடா."

"அம்மா, இப்ப எதுக்கு அது?"

"வழுக்கி விழுந்திருக்கார். இதைக் கழட்டினதால விழுந்திருக்கார்."

மகன் தடுப்பைப் பார்த்தான். 'நிர்வாக இய' என்ற தடம் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. "பெரியப்பா எதுக்கும்மா பொய் சொல்லப் போறாரு? எனக்கு விசிட்டிங் கார்டு அடிக்கக் குடுத்திருக்காரு. ரெண்டு பக்கமும் பளபளன்னு."

"லேத் ஓட்டறவனுக்கு எதுக்குடா கார்டு?"

"ஓட்டறதுக்கு இல்லம்மா. குடுக்கறதுக்கு."

"அந்த மிஷின்ல நிக்கறதா இருந்தா இதை மாட்டிட்டு நில்லு. உங்கப்பா நின்ன மாதிரி."

"அதான் புதுசு வருதுல்ல? இதைப் போயி மாட்டினா சிரிப்பாங்கம்மா. ஃப்ரிட்ஜ் ரப்பர், அலமாரிக் கீல்..." என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் கொட்டகையில் இரங்கல் கூட்டம். நாற்காலிகளை லேத்துக்கு எதிரில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பச்சைத் தரையை மறுபடி துடைத்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் சங்கத் தலைவர், பக்கத்தில் எம்.டி., இருவருக்கும் வெள்ளைவெளேர் சட்டை. அவளை மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரேடியோ தன் மிஷினை ஒட்டி நின்றார். அன்றும் பேசவில்லை.

தலைவர் முதலில் பேசினார். "இந்தச் சமுதாயம் ஒரு தலைசிறந்த வெல்டரை இழந்துவிட்டது" என்றார்.

எம்.டி. எக்கி அவர் காதில் ஏதோ சொன்னார்.

"டர்னரும்கூட" என்று தலைவர் சேர்த்துக்கொண்டார். பிறகு, இந்தத் துயரமான நேரத்தில் யூனிட்டைப் பெருமைப்படுத்தும் விதமாக, கமிட்டி கூடிப் பேசி, சுத்தத்துக்கும் பாதுகாப்புக்குமான விருதை இந்த யூனிட்டுக்கே தர முடிவு செய்ததாக அறிவித்தார். எம்.டி. எழுந்து போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போட்டோக்காரர் தவறவிட்டதால் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார்.

அப்புறம் லேத் பக்கம் எதையோ மூடியிருந்த துணியை விலக்கினார்கள். முகம் பார்க்கிற கண்ணாடிபோல ஒரு எஃகுத் தகடு மின்னியது. நடுவில் கணவனின் உருவத்தைச் செதுக்கியிருந்தார்கள். கீழே அவன் பெயர். அதற்கும் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், அன்பளிப்பு வழங்கியவரின் பெயரும் பதவியும். 'நிர்வாக இயக்குநர்' முழுசாக இருந்தது.

அவள் தகட்டைப் பார்க்கவில்லை. அது இருந்த இடத்தைப் பார்த்தாள். லேத்தின் பின்பக்கம், சுவரை ஒட்டி நின்றது. ஓட்டுகிறவனுக்கும் சுழலுகிற இரும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

"இப்ப என் தம்பி மகன், முதல் தடவையா அப்பாவோட மிஷினை ஓட்டுவான்" என்றார் எம்.டி.

மகன் எழுந்தான். புதுச் சட்டை. பையில் கார்டுக் கட்டு புடைத்திருந்தது. வழியில் தலைவருக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போனான்.

அவள் எழுந்து நின்றாள். "மாமா, தடுப்பு மறுபக்கம் இருக்கு."

கூட்டம் திரும்பியது. எம்.டி. அவளைப் பார்த்துப் புன்னகைத்தார், தலைவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் "பாவம், துக்கம்" என்றார். பிறகு உரக்க, "முன்னாடி வெச்சா தம்பி முகம் தெரியாதும்மா. போட்டோ எடுக்கணும்ல?"

"டேய், போடாத" என்றாள்.

மகன் அவளைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடித் தயாராக நின்றார். அவன் சுவிட்சைப் போட்டான்.

முதலில் மெல்லிய வெள்ளைக் கோடாகத்தான் வந்தது. "தண்ணி நல்லா ஊத்தட்டும்!" என்று எம்.டி. சொன்னதும் மகன் குழாயை முழுக்கத் திறந்தான். சுழலும் இரும்பு பாதியை வாரி அவன் நெஞ்சில் அடித்தது. மீதி பின்னால் போய், செதுக்கிய முகத்தில் மோதி, விசிறியாக விரிந்து முதல் வரிசையை நோக்கித் திரும்பி வந்தது. தலைவரின் வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பேச்சு எழுதிய தாள் எல்லாம் நனைந்தன. "அய்யய்யோ" என்று அவர் எழுந்து பின்வாங்கினார். பச்சைத் தரையில் அவர் கால் தனியாகப் போனது. எம்.டி.யைப் பிடித்தார். எம்.டி.க்குப் பிடிக்கக் கேடயம் மட்டுமே இருந்தது. தலைவரைப் பின்வரிசை ஆட்கள் தாங்கிக்கொண்டார்கள். எம்.டி. உட்கார்ந்த நிலையிலேயே கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், லேத் தட்டுக்கு ஒரு சாண் முன்னால், மடியில் கேடயத்தோடு நின்றார்.

ரேடியோதான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். இரும்பு சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றார் ரேடியோ. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இதே இடம். இதே மாதிரி கால் போச்சு. தட்டு விளிம்புல மண்டை அடிச்சுது. நெஞ்செல்லாம் பிடிக்கல. பிடிக்க நேரமே இல்ல அவனுக்கு."

தகரக் கூரையிலிருந்து ஒரு வெள்ளைச் சொட்டு விழுந்தது. செதுக்கிய முகத்தின் கன்னத்தில் இன்னொன்று இறங்கியது.

அவள் காத்திருந்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னய்யா இது என்று கேட்பார் என்று நினைத்தாள்.

எம்.டி. தரையில் உட்கார்ந்தபடியே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "பம்ப்புல ப்ரெஷர் ஜாஸ்தியா இருக்கு, பாக்கச் சொல்லணும்" என்றார். பிறகு கேண்டீன் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் டீ குடுங்கப்பா" என்றார்.

டீ வந்தது. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். டீ நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். ரேடியோவுக்கு மட்டும் யாரும் நீட்டவில்லை.

மகன் லேத்துக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தான். தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து தன் செருப்புகளைச் சுற்றியிருந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தான். ஒரு காலை மெல்லத் தூக்கி, வேறு இடத்தில் வைத்துப் பார்த்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வாளியின் விளிம்பில் போட்டான். தலையைத் துவட்டிக்கொண்டான்.

"திங்கக்கிழமை போறியா?" என்று கேட்டாள்.

அவன் துண்டுக்குள்ளிருந்து, "கார்டு அடிச்சாச்சேம்மா" என்றான். குரல் பளபளவென்று இல்லை.

அவள் சமையலறைக்குப் போய்த் தடுப்பைத் தூக்கி வந்தாள். வாசல் கதவுக்குக் குறுக்கே, அவன் செருப்புகளுக்கு முன்னால் நிறுத்தினாள். அதைத் தூக்காமல் கதவைத் திறக்க முடியாது. மகன் துண்டை இறக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

குளியலறையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்தாள். கணவனின் சட்டையை வாளியில் போட்டாள். மகனின் சட்டையையும் அதன்மேல் போட்டு அமுக்கினாள். தண்ணீர் வெள்ளையாகியது; எந்தச் சட்டையிலிருந்து எவ்வளவு என்று தெரியவில்லை. மகனின் சட்டையை எடுத்துக் கல்லில் விரித்தாள். சட்டைப் பையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. விரலை விட்டுப் பார்த்தாள். கார்டுக் கட்டு, இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது.

விரலை வெளியே எடுத்தாள். சோப்பை அந்தப் பையின்மேல் வைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.